புதிய ஃப்ளூ பரவும் நாள்களில்: உடலின் எதிர்ப்பாற்றலை எதுவரை நம்பலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

2009ஆம் ஆண்டு ஏப்ரலில் மெக்சிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் கண்டறியப்பட்ட பன்றிக்காய்ச்சல் என்ற புதிய வகை ஃப்ளூ, மே மாதமே விமானப் பயணி ஒருவருடன் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. ஆகஸ்டில் புனேயில் நாட்டின் முதல் உயிரிழப்பு நேர்ந்தபின், முகக்கவசம் வாங்க மக்கள் மருந்துக் கடைகளின் முன் வரிசையில் நின்றார்கள். அந்த மாதங்களில் ஊரெங்கும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: எதைச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடும்? 2020இல் கொரோனா வந்தபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டோம். நாளை வேறொரு காய்ச்சல் வந்தாலும் இதையே கேட்போம்.

கேள்வியின் அடிப்படையிலேயே ஒரு பிசகு இருக்கிறது. உடற்பயிற்சி செய்து தோளை ஏற்றுவதுபோல ஏற்றிக்கொள்ளக்கூடிய வலிமையாக எதிர்ப்பாற்றலை நாம் எண்ணிக்கொள்கிறோம். ஃப்ளூவைப் பொறுத்தவரை அதன் பெரும்பகுதி நினைவாற்றலே. முன்பு சந்தித்த கிருமியை உடல் மறுபடி அடையாளம் காண்பதைத்தான் எதிர்ப்பாற்றல் என்கிறோம். சந்திக்காத கிருமியை எந்தக் கஷாயமும் நினைவூட்டிவிடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் படிகள் ஒவ்வொன்றும் எதற்காக என்பது விளங்கும்.

முதல் படி: வீட்டில் உள்ளவர்களின் பிறந்த ஆண்டைக் கவனியுங்கள்

விந்தையாகத் தோன்றினாலும், புதிய ஃப்ளூ ஒன்று யாரைக் கடுமையாகத் தாக்கும் என்பதைப் பல நேரங்களில் பிறந்த ஆண்டே தீர்மானிக்கிறது. ஃப்ளூ வைரஸின் வகைகளுக்கு அவற்றின் மேற்புறப் புரதங்களை வைத்து எச்1என்1, எச்3என்2 என்றெல்லாம் பெயரிடுகிறார்கள். 1918இல் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற எச்1என்1 வைரஸின் வழித்தோன்றல்கள் 1957 வரை மனிதரிடையே சுற்றிவந்தன. 1957இல் எச்2என்2 என்ற புதிய வகை கிளம்பியது. அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து மதராஸ் வந்த கப்பலின் வழியாகத்தான் அது இந்தியாவுக்குள் நுழைந்தது. அத்துடன் பழைய எச்1என்1 மறைந்துபோனது. 1968இல் எச்3என்2 ஹாங்காங்கிலிருந்து பரவி எச்2என்2இன் இடத்தைப் பிடித்தது.

மறைந்துபோன எச்1என்1 1977இல் மறுபடி தலைகாட்டியபோது, அது பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரையே படுக்கையில் வீழ்த்தியது. 1957க்கு முன் பிறந்தவர்களின் உடலுக்கு அது பழைய ஆள். 2009லும் ஏறத்தாழ இதுவே நடந்தது. பன்றிகளிடம் அதிகம் மாறாமல் பல பத்தாண்டுகள் தங்கியிருந்த அந்த எச்1என்1 வைரஸின் மேற்புறப் புரதம், 1918ஆம் ஆண்டின் மூதாதையை ஒத்திருந்தது. அமெரிக்காவில் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அந்தப் புதிய வைரஸைத் தடுக்கும் எதிர்ப்புரதம் ஏற்கெனவே இருந்தது. குழந்தைகளிடம் அநேகமாக இல்லை. வழக்கமான ஃப்ளூ முதியவர்களையே அதிகம் கொல்லும். 2009இன் காய்ச்சலிலோ, உலகளவில் உயிரிழந்தோரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் 65 வயதுக்கு உட்பட்டவர்கள் என மதிப்பிடப்பட்டது. நல்ல உடற்கட்டுடன் நடமாடிய முப்பது வயதுக்காரர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க, அவரைப் பார்க்க வந்த பாட்டி தும்மல்கூட இல்லாமல் திரும்பிப்போன காட்சிக்குக் காரணம் இதுதான்.

சிறு வயதில் முதன்முதலாக எந்த வகை ஃப்ளூவைச் சந்தித்தோமோ, அதன் தடம் உடலில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. பறவைக் காய்ச்சலிலும் இந்தத் தடம் தெரிகிறது. எச்5என்1 வகையால் கடுமையாகத் தாக்கப்படுவோரில் 1968க்குப் பின் பிறந்தவர்கள் மிகுதி. எச்7என்9 வகையால் தாக்கப்படுவோரில் அதற்கு முன் பிறந்தவர்கள் மிகுதி. எச்1, எச்2, எச்5 ஆகியவை ஒரு குடும்பம். எச்3, எச்7 இன்னொரு குடும்பம். 1968க்கு முன் பிறந்தவர்கள் சிறு வயதில் முதலில் சந்தித்தது முதல் குடும்பத்தை, பின் பிறந்தவர்களில் பலர் சந்தித்தது எச்3ஐ என்பதே இதன் விளக்கம். ஆகவே புதிய ஃப்ளூ பற்றிய செய்தி வந்ததும் முதலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: அது எந்த வகை, எந்த வயதினர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். “நான் திடமாக இருக்கிறேன், எனக்கு ஒன்றும் வராது” என்பதற்கு இந்த வரலாற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாம் படி: ஆபத்து மிகுந்தவர்களின் பட்டியலை எழுதிவையுங்கள்

வயது எதுவானாலும் சிலருக்கு ஃப்ளூ எளிதில் நிமோனியாவாக முற்றும். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், அவர்களிலும் குறிப்பாக இரண்டு வயது நிறையாதவர்கள், 65 வயதைக் கடந்தவர்கள், ஆஸ்துமா, நீரிழிவு, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். அளவுமீறிய உடற்பருமனும் ஓர் ஆபத்துக் காரணி என்பது 2009இல் தெளிவாகத் தெரிந்தது. இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், அவர் வழக்கமாக எடுக்கும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, மருத்துவரின் தொலைபேசி எண்ணுடன் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைப்பது நல்லது. நள்ளிரவில் மூச்சு வாங்கும்போது தேட நேரமிருக்காது.

மூன்றாம் படி: உடலின் வாசற்காவலைக் கெடுக்காதிருங்கள்

நினைவாற்றலுக்கு முன்பே செயல்படும் காவல் ஒன்றும் உடலில் உண்டு. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம் வைரஸைப் பிடித்து வைக்கிறது. அதன் அடியிலுள்ள நுண்மயிர்கள் அதை வெளியே தள்ளுகின்றன. அதையும் தாண்டி ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால், அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது. ஃப்ளூ வைரஸை வைத்துச் செய்த ஆய்வில்தான் லண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் என்ற இருவர் 1957இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தனர். காய்ச்சல், உடம்புவலி, அசதி எல்லாம் வைரஸ் நேரடியாகத் தருபவை என்று நினைக்கிறோம். அவற்றில் பெரும்பங்கு நம் உடலே இப்படிச் சுரப்பவற்றின் விளைவு. இந்தப் பதில் வரம்பு மீறினால் அதுவே நுரையீரலைச் சேதப்படுத்தும். எனவே எதிர்ப்புச் சக்தியைக் கண்டபடி கூட்டுவது என்பது விரும்பத்தக்க இலக்கும் ஆகாது.

இருப்பதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும். அதில் முதலிடம் உறக்கத்துக்கு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு இரவுகள் நான்கு மணிநேரம் மட்டுமே உறங்கியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டபோது, பத்து நாள் கழித்து அவர்கள் உடலில் இருந்த எதிர்ப்புரதம் வழக்கமாக உறங்கியவர்களிடம் இருந்ததில் பாதிகூட இல்லை. கொள்ளைநோய்ச் செய்திகளை இரவு இரண்டு மணிவரை கைப்பேசியில் உருட்டிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் நேரடி நஷ்டம். அடுத்தது புகை. பீடி, சிகரெட் மட்டுமின்றி அடுப்புப் புகையும் அந்த நுண்மயிர்களை முடக்குகிறது. நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

உணவைப் பொறுத்தவரை, குறைபாடு இருந்தால் அதை ஈடுசெய்வது பயன் தரும். குறைபாடு இல்லாதவர் மேலும் மேலும் விழுங்குவதால் பயன் இல்லை. வைட்டமின் சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாள்தோறும் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சாதாரண மனிதரைவிடச் சளி குறைவாகப் பிடிக்கவில்லை. பிடித்த சளி பெரியவர்களிடம் 8 விழுக்காடு அளவுக்கு விரைவாகத் தணிந்தது, அவ்வளவே. பருப்பு, முட்டை, கீரை, நெல்லிக்காய், மோர் என்று வழக்கமான உணவை வேளை தவறாமல் உண்பது போதும்.

கஷாயங்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2012இல் டெங்குவின்போது நிலவேம்புக் குடிநீரையும், 2020இல் கபசுரக் குடிநீரையும் தமிழக அரசே வழங்கியது; ஆகவே இவற்றின்மீது மக்களுக்கு நம்பிக்கை இருப்பது இயல்பு. தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்றால் சுக்கு, மிளகு, துளசி சேர்த்துக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் தவறில்லை. புதிய ஃப்ளூ தொற்றாமல் இவை தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் கூட்டத்துக்குள் போவதும், மூச்சுத்திணறலுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டு இரண்டு நாளைக் கடத்துவதும்தான் உண்மையான கேடு. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் நிலவேம்பு குடிக்கக் கூடாது.

நான்காம் படி: கிருமியைச் சந்திக்கும் அளவைக் குறையுங்கள்

நினைவில் இல்லாத கிருமியை எதிர்கொள்ள உடலுக்குக் கால அவகாசம் தேவை. உள்ளே நுழையும் வைரஸின் அளவு குறைந்தால் அந்த அவகாசம் கூடும். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமின்றிப் பேசும்போதும் வெளிப்படும் துளிகள் மூடிய அறைக்குள் தேங்குகின்றன. எனவே சன்னல்களை எதிரெதிரே திறந்துவைப்பதே செலவில்லாத முதல் காவல். ஏசி அறையில் பத்துப் பேர் உட்காரும் கூட்டத்தை மொட்டைமாடிக்கோ மரத்தடிக்கோ மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். பேருந்திலும் மருத்துவமனையிலும் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகக்கவசம் அணிவது அவசியம். நோயாளியைக் கவனிப்பவருக்கு என்95 கவசம் நல்லது. தாடைக்குக் கீழே தொங்கும் கவசத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

சோப்பு ஏன் வேலை செய்கிறது என்பதை அறிந்தால் கை கழுவுவதில் அலட்சியம் வராது. ஃப்ளூ வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடுகிறது. 20 விநாடிகள் தேய்த்துக் கழுவினால் போதும்; கிருமிநாசினிச் சோப்பு தேவையில்லை. எஃகு, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் உயிர்த்திருக்கக்கூடும் என்பதால், கதவுப்பிடியையும் கைப்பேசியையும் துடைப்பது நல்லது. ஆனால் காய்கறிகளை ஒவ்வொன்றாகச் சோப்பால் தேய்த்துக்கொண்டு சன்னலை மூடிவைத்திருப்பது தலைகீழான முயற்சி.

இந்த எளிய வழிகள் எவ்வளவு வலிமையானவை என்பதைக் கோவிட் காலம் காட்டியது. முகக்கவசமும் இடைவெளியும் பயணத்தடையும் இருந்த 2020-21 பருவத்தில் உலகெங்கும் ஃப்ளூ அநேகமாகக் காணாமல் போனது. ஃப்ளூவின் இன்னொரு பெரும்பிரிவான பி வகையில் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பின் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை.

பறவைக் காய்ச்சல் செய்தி வரும்போது ஒரு சிறு குறிப்பு: நன்றாக வெந்த கோழிக்கறியாலும் முட்டையாலும் அது பரவாது. 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் உள்ளே வரை சென்றால் வைரஸ் அழிந்துவிடும். அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால் ஆகியவற்றைத் தவிருங்கள். செத்துக்கிடக்கும் பறவைகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: தடுப்பூசி என்ற செயற்கை நினைவு

நோயைப் படாமலே உடலுக்கு நினைவை ஊட்டும் வழி தடுப்பூசி ஒன்றுதான். ஆனால் புதிய வைரஸுக்கான தடுப்பூசி உடனே கைக்கு வராது. 2009 ஏப்ரலில் கண்டறியப்பட்ட வைரஸுக்கு இந்தியாவில் தயாரான தடுப்பூசி 2010இன் நடுப்பகுதியில்தான் வெளிவந்தது. அதற்குள் முதல் அலை ஓய்ந்திருந்தது. ஆண்டுதோறும் போடும் வழக்கமான ஃப்ளூ தடுப்பூசியும் அந்தப் புதிய வைரஸிடமிருந்து பெரிதாகக் காக்கவில்லை.

அப்படியிருந்தும் இரண்டாம் படியில் பட்டியலிட்டவர்கள் ஆண்டுத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதே நல்லது. புதியது சுற்றும்போது பழையதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் ஃப்ளூ உச்சம் தொடுகிறது. எதிர்ப்புரதம் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழைக்கு முன்பே, செப்டம்பருக்குள் போட்டுக்கொள்வது பொருத்தம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் போடலாம். ஒன்பது வயதுக்கு உட்பட்டவர் முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படும். கர்ப்பிணிகளுக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது. முதியவர்கள் பாக்டீரியா நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். 1918இல் இறந்தோரில் பெரும்பாலோர் வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவால் இறந்தவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாள்

தொற்றிய ஒன்று முதல் நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சல் திடீரென்று ஏறும். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோயாளி பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். எனவே காய்ச்சல் கண்ட அன்றே தனி அறை. இல்லாவிடில் காற்றோட்டமான மூலையில் தனிப்படுக்கை. கவனிப்பவர் ஒருவர் மட்டும் இருக்கட்டும். ஆபத்துப் பட்டியலில் இல்லாதவராக இருப்பது முக்கியம்.

2009இல் நம் அரசு வகுத்த மூன்று பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன. லேசான காய்ச்சலும் இருமலும் தொண்டைவலியும் உள்ளவர் முதல் பிரிவு; அவருக்குப் பரிசோதனையும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் வேண்டியதில்லை, வீட்டிலேயே ஓய்வெடுத்து, ஓரிரு நாள் கவனித்துவந்தால் போதும். கடும் காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் உள்ளவரும், அறிகுறி லேசாக இருந்தாலும் ஆபத்துப் பட்டியலில் இருப்பவரும் இரண்டாம் பிரிவு. இவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டாமிஃப்ளூ என்ற பெயரில் அறியப்படும் ஓசல்டாமிவிர், அறிகுறி தொடங்கிய 48 மணிநேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் தரும். ஆகவே கர்ப்பிணியோ ஆஸ்துமா நோயாளியோ “நாளை பார்க்கலாம்” என்று தள்ளக் கூடாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் போன்றவை உள்ளவர் மூன்றாம் பிரிவு. அவர் நேரே மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். மழைக்காலம் டெங்குவுக்கும் காலம் என்பதால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் தொடாதீர்கள். குழந்தைகளுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் எப்போதுமே ஆகாது, அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்க்கு வழிவகுக்கலாம். கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது; “ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும்” என்று மருத்துவரை வற்புறுத்துவதும் வீண். கஞ்சி, ரசம், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். சிறுநீர் வெளிர்நிறத்தில் போகிறதா என்று பாருங்கள். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு சற்று இளகலாம், வைரஸ் சாகாது. கொதிநீர்ப் பாத்திரத்தைக் குழந்தையின் அருகே கொண்டுபோவதால் ஏற்படும் தீக்காயம் ஃப்ளூவைவிட மோசமானது.

ஏழாம் படி: எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி ஒட்டிவைக்க விரும்பினால் இதை ஒட்டிவையுங்கள். பெரியவர்களிடம்: இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குதல், நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் மீண்டும் மயங்கிவிழுதல், சளியில் ரத்தம், நகமும் உதடும் நீலம் பாரித்தல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழான அளவு. குழந்தைகளிடம்: பால் குடிக்க மறுத்தல், எட்டு மணிநேரமாகச் சிறுநீர் போகாமை, மூச்சிழுக்கும்போது விலா எலும்பின் கீழ் குழிவிழுதல், வலிப்பு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் உடனே மருத்துவமனை. 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. மூன்றாம் நான்காம் நாள் காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடி, இரண்டு நாள் கழித்து மறுபடி குளிருடன் காய்ச்சலும் கெட்டியான சளியும் வந்தால், அது பழைய காய்ச்சலின் மிச்சம் என்று எண்ணிவிடாதீர்கள். வைரஸ் சிதைத்த பாதையில் பாக்டீரியா நுழைந்திருக்கக்கூடும். இங்கேதான் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். இதயநோயாளிகள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்: ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்வதாக 2018இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது.

எட்டாம் படி: குணமான பிறகு

மருந்து இல்லாமலே காய்ச்சல் 24 மணிநேரம் வராதிருந்தால் வேலைக்கோ பள்ளிக்கோ திரும்பலாம். வறட்டு இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிப்பது இயல்பு, அதுவரை முகக்கவசம் தொடரட்டும். நோய் கண்டு மீண்டவருக்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் உண்மையானது. ஆனால் அது அந்த வைரஸுக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் மட்டுமே உரியது. ஃப்ளூ வைரஸ் ஆண்டுக்காண்டு தன் மேற்புறத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதால், சில ஆண்டுகளில் அந்த நினைவு பொருந்தாமல் போகும். ஆகவே மீண்டவரும் அடுத்த பருவத்தின் தடுப்பூசியைத் தவிர்க்கத் தேவையில்லை. அதில் வேறு வகைகளுக்கான பாதுகாப்பும் சேர்ந்தே இருக்கிறது. நினைவு பொருந்தியிருக்கும் காலத்தில் வீட்டில் அடுத்தவர் படுத்தால், அவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கவும் இரவில் மூச்சை எண்ணவும், உடம்பு தேறியிருந்தால், மிகப் பொருத்தமானவர் முதலில் படுத்து எழுந்தவரே.